ஊழல் ஃபைல்களோடு குப்பை கொட்டிய கதை

ஜெயலலிதா கைதான வாரத்தில்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன். 1996 டிசம்பர். ஒரு தமிழ் நாளிதழின் நூலகப் பிரிவு. நூலகம் என்றதும் புத்தகம் படித்துக்கொண்டே காலம் தள்ளலாம் என்று நினைத்துப் போனவன் நான். அங்கே போனால் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தார்கள். காலையில் எல்லா ஊர்ப் பதிப்புகளையும் மேஜையில் விரித்துப் போட வேண்டும், நூலகர் (எல்லோருக்கும் அவர் 'பெரியவர்'தான்) சிவப்புப் பென்சிலால் கட்டம் போட்டுக்கொண்டே போவார், நான் அவர் பின்னாலேயே வெட்டி, ஓரத்தில் தேதி முத்திரை குத்தி, பழுப்புத் தாளில் பசை தடவி ஒட்டி, அந்தந்த ஃபைலில் கோர்க்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் விரலிலிருந்து பசை வாசனை போகாது.

முதல் வாரம் வெட்டியதெல்லாம் சேலை, செருப்பு, நகை. போயஸ் கார்டன் சோதனையில் எடுத்தது என்று 28 கிலோ தங்கம், 750 ஜோடி செருப்பு, பத்தாயிரத்துக்கும் மேல் சேலைகள் என்று பக்கம் பக்கமாகப் படம். மாதம் ஒரு ரூபாய் சம்பளம் வாங்கிய முதல்வர் என்பதால் அந்தப் படங்களுக்கு இன்னும் காரம் கூடியது. நான் ஆர்வமாகப் புது அட்டை எடுத்து 'ஜெயலலிதா' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். பெரியவர் பார்த்துவிட்டு அட்டையைத் திருப்பிப் போட்டார்.

"தம்பி, ஊழலுக்குப் பேர் போட்டு ஃபைல் திறக்காதே. வழக்குக்குத் திற. கலர் டிவி தனி, டான்சி தனி, சொத்துக் குவிப்பு தனி. ஆள் கட்சி மாறுவான், கூட்டணி மாறுவான். வழக்கு அங்கேயேதான் இருக்கும்."

அப்போது இது ஒரு நூலகக் கிழவரின் பிடிவாதம் என்றுதான் பட்டது. விவரம் புரியப் பதினெட்டு வருஷம் ஆனது. சுடுகாடுகளுக்குக் கூரை போட்டதில் முறைகேடு என்று சுடுகாட்டுக் கூரை வழக்கு ஒன்று, 1991-96 அ.தி.மு.க. ஆட்சியில் உள்ளாட்சி அமைச்சராக இருந்த டி.எம்.செல்வகணபதி மீது. 2014-ல் அதில் இரண்டு வருஷத் தண்டனை வந்தபோது அவர் தி.மு.க.வின் மாநிலங்களவை உறுப்பினர். பதவியை விட்டார். 2023-ல் உயர்நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அதே 2023-ல், செந்தில் பாலாஜி கைது. வழக்கு அவர் அ.தி.மு.க. ஆட்சியில் போக்குவரத்து அமைச்சராக இருந்தபோது வேலைக்குப் பணம் வாங்கியதாகச் சொல்லப்பட்டது, கைதானது தி.மு.க. அமைச்சராக. ஜாமீனில் வந்த மூன்றாம் நாள் மறுபடி அமைச்சர், ஏழு மாதத்தில் ராஜினாமா. பேர் போட்டோ கட்சி போட்டோ ஃபைல் வைத்திருந்தால் இந்த இரண்டையும் எந்த அலமாரியில் சொருகியிருப்பேன்?

எனக்கு முன்னால் இருந்தவர்கள் சேர்த்து வைத்த பழைய ஃபைல்களும் உண்டு. அவற்றைத் தொட்டாலே ராமபாணப் பூச்சி ஓடும். மிகப் பழையது முந்த்ரா விவகாரம். எல்.ஐ.சி. பணம் 1.24 கோடியை ஒரு தொழிலதிபரின் கம்பெனிப் பங்குகளில் போட்ட கதை. டெல்லி விஷயம்தான், ஆனால் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி நம்மூர்க்காரர், அதனால் இங்கேயும் ஒரு ஃபைல். நீதிபதி சாக்ளா 1958-ல் பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்து, ஒரு மாதத்துக்குள் அறிக்கையையும் கொடுத்துவிட்டார். அந்தப் பிப்ரவரியிலேயே அமைச்சர் ராஜினாமா. ஃபைல் அவ்வளவு ஒல்லி. முதல் தடவை பார்த்தபோது மீதிப் பக்கங்கள் தொலைந்துபோய்விட்டன என்றே நினைத்தேன்.

அதற்கு நேரெதிர், கருணாநிதி ஆட்சி மீதான ஊழல் புகார்களை விசாரித்த சர்க்காரியா கமிஷன் ஃபைல். கயிறு போட்டுக் கட்டிய மூன்று கட்டு. 1972-ல் தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்ட எம்.ஜி.ஆர்., குடியரசுத் தலைவர் வி.வி.கிரியிடம் கொடுத்த புகாரில் ஆரம்பித்து, 1976-ல் ஆட்சிக் கலைப்பு, கமிஷன், சாட்சிகள், சென்னைக்குத் தண்ணீர் கொண்டுவரும் வீராணம் திட்டத்துக் குழாய்கள் என்று போகும். அந்தக் குழாய்கள் சாலையோரம் வருஷக்கணக்கில் கிடந்ததும், அவற்றுக்குள் ஏழைக் குடும்பங்கள் அடுப்பு மூட்டிக் குடியிருந்ததும் அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியும். மூன்றாவது கட்டைப் புரட்டிக்கொண்டே வந்தால் 1980-ல் நின்றுவிடும். கமிஷன் போட்ட இந்திரா காந்தியும் கமிஷன் விசாரித்த கருணாநிதியும் அந்த வருஷத் தேர்தலில் ஒரே மேடையில். தண்டனை வரை போன வழக்கு எதுவும் இல்லை. கடைசித் தாளில் யாரோ பென்சிலால் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார்கள், பெரியவராகத்தான் இருக்கும்.

தேதி முத்திரை குத்தும் வேலையில் ஒரு கிறுக்குத்தனம் ஒட்டிக்கொள்ளும். பிப்ரவரி 2 என்று முத்திரையைத் திருப்பினாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். 2011-ல் அந்தத் தேதியில்தான் 2ஜி அலைக்கற்றை வழக்கில் முன்னாள் தொலைத்தொடர்பு அமைச்சர் ஆ.ராசா கைது. அடுத்த வருஷம் அதே தேதியில் உச்ச நீதிமன்றம் 122 அலைக்கற்றை உரிமங்களை ரத்து செய்தது. இரண்டுக்கும் முன்னால் 2000, ஜெயலலிதா மீதான பிளசண்ட் ஸ்டே ஓட்டல் வழக்கில் தண்டனைத் தீர்ப்பு வந்த நாள். அன்று தருமபுரியில் வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் வந்த பஸ்ஸைக் கொளுத்தி மூன்று பெண்கள் இறந்தார்கள். இதை எந்த ஃபைலில் வைப்பது என்று நானும் பெரியவரும் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் அவரே தனி அட்டை எடுத்தார். எந்த வழக்கின் தீர்ப்புக்காகக் கொளுத்தினார்களோ அந்த வழக்கில் 2001 டிசம்பரில் விடுதலை கிடைத்து ஃபைல் மூடிவிட்டது. பஸ் எரிப்பு ஃபைல் மட்டும் சேலம் நீதிமன்றத்தின் தூக்குத் தண்டனை, 2016-ல் அது ஆயுளாகக் குறைந்தது, 2018-ல் மூவர் விடுதலை என்று இன்னும் பல வருஷம் ஓடியது.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஊழல் ஃபைல்கள் எல்லாமே ஒரே உடல்வாகு. முன்பக்கம் தொப்பை, பின்பக்கம் எலும்பு. சோதனை நடந்த நாளில் பக்க அகலம் முழுக்க எட்டு காலம், கைதான நாளில் எட்டு காலம், குற்றப்பத்திரிகைக்கு நாலு, அப்புறம் வாய்தா, வாய்தா, வாய்தா. நீதிபதி விடுமுறை, வக்கீல் வரவில்லை, சாட்சி பிறழ்ந்தார், மொழிபெயர்ப்பு முடியவில்லை. ஒற்றைக் காலம் செய்தியாகச் சுருங்கி, அதுவும் போய், வெளியூர்ப் பதிப்பில் மட்டும் வரும். சொத்துக் குவிப்பு வழக்குக்கு நாங்கள் வாய்தாவுக்கென்றே தனித் தாள் வைத்திருந்தோம். ஒட்டுவதுகூட இல்லை, தேதியை மட்டும் எழுதுவோம்.

பதவிக்காலத்தில் ஏதோ ஒரு டெண்டரில் மாட்டிய ஒரு முன்னாள் அமைச்சர், பேர் வேண்டாம், ரொம்ப வருஷம் கழித்து மறுபடி தேர்தலில் நின்றார். டெஸ்க்கிலிருந்து போன்: "அண்ணே, அவர் பழைய கதை ஒரு பாக்ஸ் வேணும், அரை மணி நேரத்துல." ஃபைலை எடுத்தேன். கீழ்க்கோர்ட் தண்டனை, முதல் பக்கச் செய்தி, படத்தோடு. அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. 'தண்டனை பெற்றவர்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். காலை ஏழரைக்கு ஆசிரியர் வீட்டிலிருந்து போன். அந்த மனிதர் மேல்முறையீட்டில் விடுதலையாகி ஆறு வருஷம் ஆகிவிட்டதாம். வக்கீல் நோட்டீஸ் வந்தது, மறுப்பு போட்டோம், அதுவும் உள்பக்கத்தில் சின்னதாகத்தான்.

அன்று சாயங்காலம் பைண்ட் செய்த பழைய தொகுதியை இறக்கித் தேடினேன். பதினோராம் பக்கம், துணிக்கடை விளம்பரத்துக்கு மேலே, ஆறு வரி. எங்கள் பேப்பரிலேயே வந்திருக்கிறது. அந்த மாதக் கட்டிங் பதிவேட்டில் அன்றைய வரிக்கு எதிரே இருந்தது என் கையெழுத்து. கண்ணில் படாமல் போயிற்றா, பார்த்தும் 'இதென்ன பெரிசா' என்று விட்டேனா, இன்றைக்கும் தெரியவில்லை. விட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். 'எல்லாரும் தப்பிச்சுடறாங்க' என்று சலித்துக்கொண்ட நாட்கள் அவை. அந்தச் சலிப்பில் கத்தரிக்கோலும் கட்சி சேர்ந்துகொண்டது போல.

அதற்கப்புறம் உள்பக்கங்களைத்தான் முதலில் புரட்டுவேன்.

2015 மே 11-ஐச் சொல்லாமல் விட்டால் என் சக ஊழியர்கள் கோபித்துக்கொள்வார்கள். சொத்துக் குவிப்பு வழக்கில் முந்தைய செப்டம்பரில் பெங்களூரு தனி நீதிமன்றம் ஜெயலலிதாவுக்கு நாலு வருஷச் சிறை, 100 கோடி அபராதம் என்றது. இந்த மே 11-ல் கர்நாடக உயர்நீதிமன்றம் எல்லோரையும் விடுதலை செய்தது. வருமானத்துக்கு மேலான சொத்து 8.12 சதவீதம்தான், பத்து சதவீதத்துக்குள் இருந்தால் குற்றமில்லை என்று கணக்கு. மறுநாள், கடன் பட்டியலின் கூட்டல் தப்பு என்று அரசு வக்கீல் ஆச்சார்யா சொன்னது டெஸ்க்கில் அமளியாக, ஒரு பையன் தீர்ப்பின் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு கீழே ஓடி வந்தான். நூலகத்தில்தான் பழைய பெரிய பட்டன் கால்குலேட்டர் இருந்தது. பத்துக் கடன்கள். அவன் வாசிக்க வாசிக்க நான் தட்டினேன். தீர்ப்பில் இருந்தது 24 கோடியே 17 லட்சத்துச் சொச்சம், எனக்கு வந்தது 10 கோடியே 67 லட்சத்துச் சொச்சம். நான்தான் தப்பாகத் தட்டிவிட்டேன் என்று மறுபடி. அதே 10.67. மூன்றாவது தடவை அவன் தட்ட நான் வாசித்தேன். பதின்மூன்றரைக் கோடி இடிக்கிறது. மளிகைக் கடையில் இப்படிக் கூட்டினால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள் என்றான் பையன். அச்செடுத்த அந்தத் தாளில் எங்கள் இருவர் டிக் குறிகளும் இருக்கின்றன, ஃபைலிலேயே கோர்த்துவிட்டேன்.

2017 பிப்ரவரி 14-ல் உச்ச நீதிமன்றம் கீழ்க்கோர்ட் தண்டனையைத் திரும்பக் கொண்டுவந்தபோது, முதல் குற்றவாளியாகச் சேர்க்கப்பட்ட ஜெயலலிதா இறந்து பத்து வாரம் ஆகியிருந்தது. அவர் மீதான மேல்முறையீடு அற்றுப்போனது, சசிகலா உள்ளிட்ட மூவர் சிறைக்குப் போனார்கள். நான் சேர்ந்த வருஷத்தில் ஆரம்பித்த வழக்கு, என் மகள் கல்லூரி முடிக்கும்போது முடிந்தது.

அந்த வருஷ டிசம்பர் 21-ல் இன்னொரு கூத்து. காலையில் 2ஜி வழக்கில் ராசா, கனிமொழி உட்பட எல்லோரும் விடுதலை. ஒரு லட்சத்து 76 ஆயிரம் கோடி இழப்பு என்று ஏழு வருஷம் ஊரே வாயில் போட்டு மென்ற எண். அதே நாளில்தான் ஆர்.கே.நகர் வாக்குப்பதிவு, ஏப்ரலில் பணப் பட்டுவாடாவால் ரத்தாகி மறுபடி நடந்தது. இந்தத் தடவை 20 ரூபாய் நோட்டுதான் டோக்கன் என்று பேச்சு. ஒரே முதல் தாளில் இரண்டும் முதுகோடு முதுகு. ஒன்றை வெட்டினால் இன்னொன்றின் தலைப்பு போய்விடும். இரண்டு பேப்பர் வாங்கி வரச் சொல்லி வெட்டினேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்ய ஒரு பெண் வந்தாள். வேகமான கை. தொப்பை ஃபைல்களைச் சளைக்காமல் முடித்துவிட்டாள். வாய்தா தாளைப் பார்த்துவிட்டு, "சார், இது வெறும் தேதிதானே, செய்தி ஒண்ணும் இல்லையே, இதையும் ஏத்தணுமா?" என்றாள். முதலில் அதை ஏற்று என்றேன். இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறது, திருப்பிப் போட்டு எடு என்றும் சொன்னேன்.