புதன்கிழமை கடைசி இரண்டு பாடம்

ஜூன் 2, திங்கள்

வலய மட்டத் தமிழ்த்தினப் போட்டிக்கு நாள் குறித்துக் கடிதம் வந்துவிட்டது. பாவோதல், பேச்சு, இலக்கிய நாடகம், வில்லுப்பாட்டு என்று எங்கள் பாடசாலையிலிருந்து நான்கு போகின்றன. வில்லுப்பாட்டு என் பொறுப்பு.

பயிற்சி வழமைபோலப் பாடசாலை விட்டபிறகு, இரண்டு மணிக்கு. நின்ற பிள்ளைகள் உவர்மலை, திருக்கடலூர், பாலையூற்று, அன்புவழிபுரம். எல்லாரும் திருகோணமலை ரவுணுக்குப் பக்கம், சைக்கிளில் வீடு போய்ச் சேரக்கூடியவர்கள். சாரணர் குழு, சதுரங்கக் கழகம், பாண்ட் குழு எதை எடுத்தாலும் இதே இடங்கள்தான். குச்சவெளி, தம்பலகாமம், மூதூர்ப் பக்கத்துப் பிள்ளைகளை அங்கே காணமுடியாது. “அதுகளுக்கு ஆர்வமில்லை” என்று ஆசிரியர் அறையில் ஒரு பேச்சு இருக்கிறது. நான் அதை ஒருபோதும் ஏற்றதில்லை.

எங்கள் வில்லுப்பாட்டின் பிரதான குரலே தம்பலகாமத்துப் பிள்ளைதான். தரம் 10. ஒன்றரைக்கு மணி அடித்ததும் புத்தகப்பையோடு ஓடிவிட்டாள். இதற்கு முந்திய கோட்டப் போட்டிக்கு இடைவேளையில் பாடிப் பாடியே சமாளித்தோம். வலயத்துக்கு அது காணாது.

ஜூன் 4, புதன்

இடைவேளையில் அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“நிக்க விருப்பம் ரீச்சர். கண்டி ரோட்டால பஸ் எப்பவும் வரும். சந்தியில இறங்கினாப் பிறகு உள்ளுக்குப் போற பஸ்ஸை விட்டா நடைதான். அம்மா வயலுக்குப் போயிடுவா, கூட்டிக்கொண்டு போக ஆளில்லை.”

கச்சான் காற்று அனலாய் அடிக்கிற இந்த மாதத்தில், வயல்வெளி ரோட்டில் அந்த நேரத்துக்கு ஒரு பிள்ளை தனியாக நடப்பதை நானும் விரும்பமாட்டேன். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தபிறகு மூதூரிலிருந்து பிள்ளைகள் வருவது லேசாகிவிட்டது. ஆனால் பாலம் வந்ததற்கு ஏற்றமாதிரி நாங்கள் எங்கள் நேரத்தை மாற்றவில்லை. இன்னமும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கென்றே மன்றம் நடத்துகிறோம்.

ஜூன் 5, வியாழன்

அதிபரிடம் போனேன். ஏழரையிலிருந்து ஒன்றரை வரை எட்டுப் பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம். புதன்கிழமை கடைசி இரண்டையும் எல்லா மன்றங்களுக்கும் விட்டுத்தாருங்கள் என்று கேட்டேன். கணித ஆசிரியர் அங்கே இருந்தார். சாதாரண தரப் பாடத்திட்டம் முடியாமல் கிடக்கிறது, புதன் கடைசிப் பாடம் தன்னுடையது என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பிள்ளைகள் கணிதத்தில் சறுக்கினால் பழி அவர் தலையில்தான் விழும். அதனால் ஒரே வகுப்பின் ஒரே பாடம் திரும்பத் திரும்ப அடிபடாமல், நேரசூசியைக் கிழமைக்குக் கிழமை மாற்றிப் போடலாம் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன்.

அதிபர் தாளை நெடுநேரம் பார்த்தார். “இந்தத் தவணைக்கு மட்டும் செய்து பாப்பம் ரீச்சர்.”

வெளியே வரும்போது ஒரு தகப்பன் மறித்தார். மகன் உடுக்கு அடிப்பவன். “இதால இசட் புள்ளி கூடுமோ?” கூடாது. பல்கலைக்கழக அனுமதிக்கான அந்தப் புள்ளியை உயர்தரப் பாடப் புள்ளிகளை வைத்து மட்டும்தான் கணிப்பார்கள். அப்படியே சொன்னேன். உங்கள் மகன் போன வருடம் வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை, இப்போது ஒரு குழுவுக்கே தாளம் எடுத்துக் கொடுக்கிறான் என்பதையும் சொன்னேன். சரி, புதன்கிழமை ரியூசன் இல்லாத நாள்தானே, என்று போய்விட்டார்.

ஜூன் 9, திங்கள்

நாளை பொசன் போயா விடுமுறை. வில்லைத் திருத்த வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மூங்கில் நல்லாயிருக்கிறது, கயிறுதான் தளர்ந்து போயிற்று. இழுத்துக் கட்டி, நூல் அறுந்த மணிகளை எடுத்துத் திரும்பக் கோத்தேன். வீசுகோலால் தட்டிப் பார்த்தால், கயிறு இறுகின இடத்தில் மணிச்சத்தம் சுத்தமாக வருகிறது. தளர்ந்திருந்தால் கலகலவென்று இழுபட்டு, அடுத்த அடி பாடத் தொடங்கிய பிறகும் ஓயாது. எங்கள் தாளம் பிந்துகிறது என்று கோட்டத்தில் நடுவர் சொன்னதற்கு இதுதான் காரணமாக இருக்கவேணும்.

ஜூன் 11, புதன்

முதல் மன்றப் புதன். ஒரே நேரத்தில் எல்லாம் தொடங்கியதால் மண்டபத்துக்குச் சண்டை. பாண்ட் குழு மைதானத்துக்குப் போனது, நாங்கள் வேப்பமரத்துக்குக் கீழே பாய் விரித்தோம்.

கதை குளக்கோட்டன் என்ற மன்னனுடையது. கோணேசர் கோயிலுக்குத் திருப்பணி செய்து, கோயில் வயலுக்குத் தண்ணீர் வேண்டிக் கந்தளாய்க் குளம் கட்டினான் என்று ‘கோணேசர் கல்வெட்டு’ என்ற பழைய நூல் சொல்லும் மரபுக் கதை. கோட்டை வாசல் கல்லில் வெட்டியிருக்கும் ‘முன்னே குளக்கோட்டன்’ வரியைக் கடந்துதான் பிள்ளைகள் கோயிலுக்குப் போகிறார்கள். நின்று வாசித்தவர் எத்தனை பேர் என்று கேட்டேன். இரண்டு கை உயர்ந்தன.

குளம் கட்டி முடிக்கிற இடத்தில் தம்பலகாமத்துப் பிள்ளை நிறுத்தினாள்.

“ரீச்சர், குளம் உடைஞ்சதைப் பாடமாட்டமா? அம்மம்மா இன்னும் அதைச் சொல்லுவா. விடியப்புறம் ஆக்கள் கத்திக்கொண்டு ஓடி வந்தவையாம்.”

1986 ஏப்ரல் 20. அதிகாலையில் அணைக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரவுண்பிள்ளைகள் ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. அவளுக்கோ அது வீட்டுக் கதை. உள்ளே போகும் வாய்க்கால், வான்கதவு, வெள்ளாமைக்குத் தண்ணீர் விடும் நாள் என்று அவள் சொல்லிக்கொண்டே போக, பின்பாட்டுக்காரர் எல்லாரும் வாய் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பகுதியை எட்டு அடியில் நானும் அவளும் அங்கேயே எழுதினோம். ‘ஆமாம்’ போடுகிற பிள்ளைக்கு அதில் ஆமாம் இல்லை, அம்மம்மாவிடம் கேட்கிற கேள்விகள்தான்.

ஒன்றரைக்கு மணி அடித்தது. அவள் பஸ்ஸைப் பிடித்துவிட்டாள்.

ஜூன் 18, புதன்

குச்சவெளியிலிருந்து மூன்று பிள்ளைகள் சதுரங்கத்துக்குப் பெயர் கொடுத்திருப்பதாகப் பொறுப்பாசிரியர் வந்து சொன்னார். சாரணர் குழுவுக்கும் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். ஆர்வமில்லாத பிள்ளைகளாம்!

உடுக்குக்காரத் தம்பி இடைக்கயிற்றை அமுக்கிச் சத்தத்தை ஏற்றி இறக்கப் பழகிவிட்டான். வெள்ளம் வருகிற அடியில் தாழ்வாகத் தொடங்கி மெல்ல மெல்ல ஏற்றுகிறான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. குடத்தின் வாயில் மட்டையால் தட்டுகிற பிள்ளை அந்த இடத்தில் தட்டாமல் விடுவதும் அவன் சொன்ன யோசனைதான்.

ஜூன் 21, சனி

வலயப் போட்டி. இரண்டாமிடம். முதலிடம்தான் மாகாணத்துக்குப் போகும், ஆகவே எங்கள் பயணம் இத்தோடு. முதலில் வந்த பாடசாலையின் பின்பாட்டு எங்களதைவிடக் கட்டாக இருந்தது, தீர்ப்பில் எனக்குக் குறையில்லை. பேத்தி பாடியதைக் கேட்க அம்மம்மா வந்திருந்தார். அணை உடைகிற அடியில் அவர் பக்கத்தில் இருந்தவரிடம், “அண்டைக்கு இருட்டு, ஒண்டும் தெரியேல்ல” என்று சொல்லத் தொடங்கி, பாட்டு முடிந்தபிறகும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜூன் 23, திங்கள்

மன்றப் புதனை அடுத்த தவணை நேரசூசியிலேயே அச்சடித்துப் போடச் சொல்லி அதிபருக்குக் கடிதம் எழுதினேன். சாரணர், சதுரங்கம், சுற்றாடல் கழகப் பொறுப்பாசிரியர்கள் கையெழுத்திட்டார்கள். கணித ஆசிரியர் வாசித்துவிட்டு, உயர்தர வகுப்புக்குப் பரீட்சைத் தவணையில் விலக்கு வேணும் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். அவரும் கையெழுத்துப் போட்டார். நாளை காலை ஒன்றுகூடலுக்கு முன் கொண்டுபோய்க் கொடுக்கவேணும்.