மருந்தடிக்காத கொல்லை

"களைக்கு மருந்து அடிச்சு விடட்டுமாக்கா? ஒரு வாரத்துல சுத்தமாயிடும்."

தேங்காய் பறிக்க வந்த தம்பி கேட்டார். வேண்டாம்னுட்டேன்.

மாசி வெயிலிலும் மூக்குத்திப் பூ மண்டிக் கிடக்கிறது. குனிந்து ஒன்றைப் பார்த்தேன். நடுவில் இருக்கும் ஒவ்வொரு மஞ்சள் புள்ளியும் தனிப் பூ. சுற்றியுள்ள வெளிர் இதழ்கள்கூட ஒவ்வொன்றும் ஒரு பூதான், நுனியில் மும்மூன்று பல்லோடு. ஒரே காம்பில் ஒரு கூட்டுக்குடும்பம்!

வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த செடியாம். வேலியோரத் தும்பையோ சங்ககாலத்து ஆள். போருக்குப் போன வீரர்கள் சூடியது.

வண்ணத்துப்பூச்சி இரண்டிலும் உட்காருகிறது.

காசு கொடுத்து வாங்கிய ரோஜாவும் தொட்டியில் இருக்கிறது. அந்தப் பக்கம் வண்ணத்துப்பூச்சி எட்டியே பார்க்கவில்லை.

மருந்து வாங்கப் போகும் வண்டிச் செலவாவது மிச்சம் என்று தம்பி கிளம்பிவிட்டார்.