சாட்ஸ்வொர்த் பாட்டியும் குவாமாஷு பாட்டியும்

2024 புனித வெள்ளி. காலை ஆறு மணிக்கே பாட்டி மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து எனக்கு அது மூன்றாம் நாள். தங்கியிருந்தது சாட்ஸ்வொர்த்தில், என்னோடு வேலை பார்த்த நண்பனின் வீட்டில். பாட்டி அவனுடைய அப்பாவைப் பெற்றவர், வயது எண்பது. அந்த வீட்டில் தடையில்லாமல் தமிழ் பேசுவது அவர் ஒருவர்தான். பேரன்களுக்குத் ‘தண்ணி’, ‘சோறு’, ‘வா’, ‘போ’ அளவுக்குத் தமிழ் உண்டு, மற்றதெல்லாம் ஆங்கிலம்.

புனித வெள்ளியில் தீமிதியா என்று கேட்டேன். கரும்புத் தோட்டத்தில் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தது ஈஸ்டருக்குத்தான், அதனால் அம்மனுக்கும் அந்த நாளையே வைத்துக்கொண்டார்கள் என்றார் பாட்டி. 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ என்ற கப்பல் மெட்ராஸிலிருந்து 342 பேரோடு டர்பனில் வந்து நின்றது. 1911 வரை இப்படி ஒப்பந்தத்தில் வந்து இறங்கியவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல்.

முந்தின நாள் நண்பனிடம் இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன். “கூலி வேலைக்கு வந்தவங்க எவ்வளவு கோயில் கட்டியிருக்காங்க” என்று பெருமையாகச் சொன்னேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. நமக்குக் கூலி என்றால் உழைத்ததற்குக் கிடைக்கும் காசு. அங்கே அது தலைமுறை தலைமுறையாக விழுந்த வசவு. காந்தியையே ‘கூலி பாரிஸ்டர்’ என்றுதான் வெள்ளைக்காரர்கள் சொன்னார்கள். மன்னிப்புக் கேட்டேன். ஆனால் ராத்திரி படுத்தபோது இன்னொரு சொல் வந்து உறுத்தியது. எங்கள் ஊரில் சுருட்டைமுடிக் குழந்தைகளைச் செல்லமாகக் ‘காப்பிரி’ என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்களைக் காலில் போட்டு மிதித்த சொல்லுக்கும் இதற்கும் வேர் ஒன்றுதான். அங்கே இன்று அதைச் சொன்னால் கோர்ட்டு வரைக்கும் போகும். நாம் அதைக் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளிக்கொண்டே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சரி, கோயிலுக்கு வருகிறேன். டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் இருக்கும் அம்பலவாணர் ஆலயம். 1875இல் உம்பிலோ ஆற்றங்கரையில் கட்டிய பழைய கோயிலை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அதிலிருந்து மீட்ட மரக்கதவுகள்தான் இப்போதும் முகப்பில் இருக்கின்றன. பாட்டி உள்ளே போகுமுன் அந்தக் கதவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் சாமியைப் பார்க்கப் போகாமல் கூட்டத்துக்குள் யாரையோ தேடினார்.

வேப்பமரத்தடியில் ஜூலு என்ற கறுப்பினத்தைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் உட்கார்ந்திருந்தார். தலையில் துணி, தோளில் சால்வை, மடியில் பழைய ஐஸ்கிரீம் டப்பா ஒன்று. பாட்டியைப் பார்த்ததும், “வா, உக்காரு” என்று தமிழில் கூப்பிட்டார். பாட்டி ஜூலுவில் பதில் சொன்னார். ஜூலுவில் பாட்டியைக் ‘கோகோ’ என்கிறார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

ஊரிலிருந்து கொண்டுபோன குங்குமப் பொட்டலத்தை அவரிடம் நீட்டினேன். ஒரு கையில் போன், மறு கையில் பொட்டலம். அவர் வாங்கவில்லை, சிரித்தபடி என் போனையே பார்த்தார். பாட்டி என் முழங்கையை மெல்லத் தட்டினார். போனைப் பைக்குள் போட்டுவிட்டு இரண்டு கையாலும் கொடுத்தேன். அவரும் இரண்டு கையையும் சேர்த்துக் குழித்து வாங்கிக்கொண்டார். எங்கள் வீட்டில் என் அப்பா இதற்காகவே எத்தனை முறை என்னைத் திட்டியிருக்கிறார்! ஒற்றைக் கையால் நீட்டினால் அது கொடுப்பதில்லை, எறிவது என்பார்.

பேச்சுவாக்கில் கோகோவின் மாமனார் பெயரைக் கேட்டேன். அவர் பாட்டியைக் காட்டிக் கையசைத்தார். பாட்டிதான் சொன்னார். ஜூலுப் பெண்கள் கல்யாணமானபின் மாமனார் பெயரைச் சொல்லமாட்டார்கள். ‘ஹ்லோனிஃபா’ என்று பெயர், மரியாதை என்று அர்த்தம். பெயரை மட்டுமல்ல, அதிலிருக்கும் ஓசை வேறு எந்தச் சொல்லில் வந்தாலும் அந்தச் சொல்லையே மாற்றிப் பேசுவார்களாம்.

எனக்கு என் ஆத்தா ஞாபகம் வந்துவிட்டது. தாத்தா பெயரில் ‘மணி’ உண்டு. ஆத்தா சாகும்வரை “மணி என்ன” என்று கேட்டதில்லை. “எத்தனை அடிச்சிருக்கு” என்றுதான் கேட்பாள். இதைச் சொன்னேன். பாட்டி ஜூலுவில் எடுத்துச் சொன்னதும் கோகோ தொடையில் தட்டிச் சிரித்து, என் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த வழக்கத்தில் பாரத்தையெல்லாம் பெண்கள் தலையில் ஏற்றிவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும், அதை நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் ஒருவர் பெயரைக்கூட அலட்சியமாக வாயில் போட்டு மெல்லக்கூடாது என்று இரண்டு சமூகங்கள் கடலுக்கு அப்பாலும் இப்பாலும் தனித்தனியே நினைத்திருக்கின்றன. இவர்களைப் பார்த்தா, உங்களுக்குள் ஒட்டவே ஒட்டாது என்று சட்டம் போட்டார்கள்?

இருவரும் பிறந்து வளர்ந்தது இதே கேட்டோ மேனரில். பாட்டியின் அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது, வாழைக்காயும் கீரையும் போட்டார். அதே நிலத்தில் குடிசை போட்டு வாடகைக்கு இருந்தது கோகோவின் குடும்பம். நிலக்காரர் இந்தியர், குடியிருப்பவர் ஆப்பிரிக்கர், இரண்டு பேருக்கும் மேலே வெள்ளை அரசாங்கம். வாடகை, கடை விலை, பஸ்ஸில் நடத்தும் விதம் என்று நம்மவர்கள் மேல் அவர்களுக்கு இருந்த மனத்தாங்கலில் உண்மையும் உண்டு. 1947இல் மான்டி நாயக்கர், யூசுஃப் தாதூ, ஆல்ஃப்ரெட் சூமா என்ற மூன்று டாக்டர்கள், இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களும் சேர்ந்து நிற்பது என்று ஒப்பந்தம் போட்டார்கள். இரண்டு வருஷம் ஆகவில்லை. 1949 ஜனவரி 13, டர்பன் சந்தைப் பக்கம் ஒரு இந்தியர் ஆப்பிரிக்கச் சிறுவனை அடித்தார். ஊர் பற்றிக்கொண்டது. அரசுக் கணக்குப்படி இறந்தவர்கள் 142 பேர், அதில் 87 பேர் ஆப்பிரிக்கர்கள், 50 பேர் இந்தியர்கள்.

பாட்டிக்கு அப்போது ஐந்து வயது. கோகோவின் அம்மா அவரைத் தன் குடிசைக்குள் இழுத்துப் பாய்க்குப் பின்னால் உட்காரவைத்து, தன் மகளையும் பக்கத்தில் உட்காரவைத்தாராம். “அழுதா வாயைப் பொத்துன்னு இவகிட்ட சொல்லிட்டுப் போனா. இவ கையில பூராவும் பழைய கஞ்சி வாசனை” என்றார் பாட்டி. எழுபத்தைந்து வருஷத்துக்குப் பின்னும் வாசனையைத்தான் முதலில் சொன்னார்.

அடுத்து வந்ததுதான் 1950இன் இனவாரிக் குடியிருப்புச் சட்டம், ஒவ்வொரு இனமும் தனித்தனிப் பகுதியில்தான் இருக்கவேண்டும் என்றது. கேட்டோ மேனரைக் காலி செய்தார்கள். ஆப்பிரிக்கர்கள் வடக்கே குவாமாஷுவுக்கு, இந்தியர்கள் தெற்கே சாட்ஸ்வொர்த்துக்கு. எதிரெதிர் திசை. கோயில் மட்டும் இடத்தைவிட்டு நகரவில்லை. அதனால் வருஷம் ஒருமுறை தீமிதிக்கு இங்கே பார்ப்பது என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

2021 ஜூலைக் கலவரம் பற்றி நான் கேட்கவில்லை. பாட்டியே ஆரம்பித்தார். கடைகள் சூறையாடப்பட்ட அந்த வாரத்தில், குவாமாஷுவை ஒட்டிய ஃபீனிக்ஸ் பகுதியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவர். இந்தியர்கள் தெருவுக்குத் தெரு தடுப்பு வைத்துக் காவல் நின்றார்கள், அந்தக் காவலே சில இடங்களில் கொலையில் முடிந்தது. “ஒவ்வொரு நாளும் போன் போட்டேன். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல. லைன்ல இருந்தோம்” என்றார். அடுத்த ஏப்ரலில் டர்பனைப் பெருவெள்ளம் அடித்தது, நானூறுக்கும் மேல் உயிர்ச்சேதம். கோகோவின் வீட்டுக்குள் சேறு. நண்பனின் அப்பா காரை எடுத்துக்கொண்டு போய் அவரைக் கூட்டிவந்தார். இரண்டு வாரம் பாட்டியின் அறையில், பாட்டியின் கட்டிலில் தூங்கினாராம். பாட்டி கீழே படுத்தாரா என்று கேட்டேன். “வீட்டுக்கு வந்தவளைக் கீழயா போடுவேன்?” என்று என்னையே அதட்டினார்.

பூக்குழியில் கங்கு சிவந்து, சாம்பல் பூத்து, மறுபடியும் சிவந்தது. உடுக்கைச் சத்தம் ஏற ஏற, கோகோ எழுந்து நின்று வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். அவர் சர்ச்சுக்குப் போகிறவர். என்ன வேண்டினார் என்று நான் கேட்கவில்லை.

அன்னதானம் முடிந்தபின் பாட்டி, கோகோ மடியிலிருந்த டப்பாவை வாங்கித் திறந்தார். போன வருஷம் பாட்டி பருப்பும் பூசணிக் கறியும் போட்டுக் கொடுத்தனுப்பிய டப்பாவாம் அது. உள்ளே மண்ணோடு மதும்பிக் கிழங்கு, நம்ம சேப்பங்கிழங்கேதான். அங்கே தமிழர்களும் அதை ஜூலுப் பெயரில்தான் சொல்கிறார்கள். அடுத்தவர் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்று என் அம்மா சொல்வாள். கோகோவுக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

சாயங்காலம் வீட்டில் அதை வேகவைத்தோம். தோல் வழுக்கிக்கொண்டு வந்தது. உப்பு மட்டும் தொட்டுக்கொண்டு சாப்பிட்டோம். பாட்டி டப்பாவைக் கழுவித் துடைத்து, அடுத்த வருஷத்துக்காக அலமாரியின் மேல்தட்டில் எடுத்துவைத்தார்.