இருபது ரூபாய் செம்புக்கு முந்நூற்று எண்பது ரூபாய் செய்கூலி

பாலக்கோடு பக்கம் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். காலையில் ஷட்டரைத் தூக்கினால் முதல் வேலை, அன்றைக்குக் காப்பர் கிலோ என்ன விலை என்று வயர் கடைக்குப் போன் போடுவதுதான். அப்படிப்பட்ட நான்தான் 2023 கோடையில் ஆன்லைனில் பத்து காப்பர் ரவுண்டு வாங்கினேன், ஒன்று 400 ரூபாய் வீதம் மொத்தம் நாலாயிரம். வெளியில் யாரிடமும் மூச்சு விடவில்லை. இந்த ஒரு மாதத்தில் மட்டும் மூன்று பேர் "காப்பர் வாங்கிப் போடலாமாண்ணா, வெள்ளி மாதிரி ஏறுமாமே" என்று கேட்டுவிட்டதால் வெட்கத்தைப் பார்க்காமல் எழுதிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: காப்பர் ரவுண்டு என்பது ஒரு பக்கம் யானையோ கழுகோ கப்பலோ அச்சடித்த, 999 தூய (அதாவது 99.9 சதவீதம்) செம்பு வில்லை. பார்த்தால் நாணயம் மாதிரியே இருக்கும், ஆனால் நாணயம் இல்லை. எந்த அரசாங்கமும் அடித்தது இல்லை, டீக்கடையில் நீட்டினால் டீ வராது. அமெரிக்காவில் தனியார் கம்பெனிகள் அடித்து விற்கின்றன, அங்கே இரண்டு மூன்று டாலருக்குக் கிடைக்கும் சமாச்சாரம் கடல் தாண்டி நம் கைக்கு வரும்போது நானூறு ஆகிவிடுகிறது.

பார்சல் வந்த அன்றே ஒன்றைக் கடைத் தராசில் வைத்தேன், தொழில் புத்தி. 28.3 கிராம் காட்டியது. ஒரு அவுன்ஸ் என்று மேலேயே பொறித்திருக்கிறதே, வெள்ளி அவுன்ஸ் 31.1 கிராம் ஆயிற்றே, மூன்று கிராம் அடித்துவிட்டானா என்று கோபம் வந்தது. அப்புறம் தேடிப் பார்த்தால், தங்கம் வெள்ளிக்கு டிராய் அவுன்ஸாம், செம்புக்குச் சாதா அவுன்ஸாம், அது 28.35 கிராம்தான். சரி, எடையில் ஏமாற்று இல்லை.

ஏமாந்தது கணக்கில். அன்றைக்குக் காப்பர் கிலோ சுமார் 730 ரூபாய். அப்படியென்றால் என் கையில் இருந்த வில்லையில் 20 ரூபாய் சில்லறைக்குத்தான் செம்பு. மீதி 380? நகைக்கடை பாஷையில் சொன்னால் செய்கூலி. ஒரு பவுன் செயினுக்குச் செய்கூலி சேதாரம் பன்னிரண்டா பதினான்கா என்று அரை மணி நேரம் மல்லுக்கட்டி, கடைசியில் ஒரு சுருக்குப் பையும் சாமி காலண்டரும் வாங்காமல் கிளம்பாத வம்சத்தில் பிறந்துவிட்டு, 1,900 சதவீதம் செய்கூலியைச் சத்தமில்லாமல் கட்டியிருக்கிறேன்.

விற்றவனை மட்டும் திட்டுவதிலும் நியாயம் இல்லை. அச்சு வெட்டுகிற கூலி, அடிக்கிற கூலி, டப்பா, தபால் எல்லாம் தங்கமானாலும் செம்பானாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தங்கத்தில் அந்தச் செலவு உலோகத்தின் விலையில் தெரியாமல் போய்விடும், செம்பிலோ உலோகத்தின் விலைதான் அந்தச் செலவில் தெரியாமல் போகிறது. போதாததற்கு நம் நாட்டில் தங்கம் வெள்ளிக்கு ஜிஎஸ்டி 3 சதவீதம், காப்பருக்கு 18.

நான் போட்ட 400 உலோகமாகவே திரும்பி வர வேண்டும் என்றால் காப்பர் கிலோ 14,000 ரூபாய்க்குப் போக வேண்டும். அந்த விலைக்குப் போனால் நான் ரவுண்டு விற்க உட்கார்ந்திருக்க மாட்டேன், கடையில் கிடக்கும் வயர் ரோலை விற்றுவிட்டு நிலம் வாங்கப் போயிருப்பேன்.

இதை ஓசூரில் வேலை பார்க்கும் மச்சானிடம் சொன்னபோது அவன் விடவில்லை. "மாமா, போச்சம்பள்ளியில ஸ்கூட்டர் ஃபேக்டரி, ஓசூர்ல ஸ்கூட்டர் ஃபேக்டரி, பேட்டரி வண்டி எல்லாத்துக்குள்ளயும் காப்பர்தான். ரேட் எங்கயோ போகப் போகுது பாருங்க." அவன் சொன்னது நடக்கவும் செய்தது. 2025 டிசம்பரில் லண்டன் சந்தையில் காப்பர் டன் 12,000 டாலரைத் தாண்டியது, இங்கே கிலோ ஆயிரத்துக்கு மேல். என் பத்து ரவுண்டில் இருந்த செம்பு 207 ரூபாயிலிருந்து முந்நூறு பக்கம் வந்தது, அவ்வளவுதான். அதே நாலாயிரத்துக்கு அன்றைக்கு வெள்ளி வாங்கியிருந்தால் ஐம்பது கிராம் வந்திருக்கும், அதே டிசம்பரில் வெள்ளி கிலோ இரண்டு லட்சத்தைத் தாண்டியபோது அது பத்தாயிரம். மச்சானுக்கு உலோகம் தெரிந்திருக்கிறது, செய்கூலி தெரியவில்லை.

சந்தேகம் தீர ஒரு நாள் ஒரு ரவுண்டை எடுத்துக்கொண்டு, வழக்கமாக ஸ்கிராப் போடும் காயலாங்கடைக்குப் போனேன். அந்த அண்ணன் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், சிமெண்ட் தரையில் போட்டுச் சத்தம் கேட்டார், நகத்தால் யானையின் தும்பிக்கையைச் சுரண்டினார்.

"என்ன தம்பி இது, சாமி காசா?"

"இல்லண்ணா, சுத்த காப்பர். 999."

"சரி, கம்பி ரேட்டே போட்டுக்கறேன். ஒண்ணுதானா, மூட்டை இருக்கா?"

யானைக்கு அங்கே விலை இல்லை. எரிச்ச காப்பர், கம்பி காப்பர் என்று இரண்டு விலைதான், நல்ல விலையையே எனக்குக் கொடுக்க வந்தார், அதுவே மரியாதை. என் கடைக்கு வரும் விவசாயிகளுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். ஆயிரம் அடி போர்வெல்லில் இறக்கின சப்மெர்சிபிள் மோட்டார் எரிந்து வந்தால், உரித்தெடுத்த பழைய காயிலைத் தராசில் போட்டுக் காட்டி, கிலோ இவ்வளவு என்று பில்லில் கழித்தால்தான் கிளம்புவார்கள். ஐந்தாறு கிலோ இருக்கும், அது பணம். எந்த ஊரில் போட்டாலும் அன்றே காசு. கிணற்று மேட்டில் இருக்கும் கேபிளை ராத்திரியோடு ராத்திரியாக வெட்டிக்கொண்டுபோய் ஏரிக்கரையில் கொளுத்துகிறார்களே, அவர்களுக்கும் தெரியும். என் ரவுண்டைத் திருட ஒருவனும் வர மாட்டான். அதற்காக வயரையே வாங்கி அடுக்கலாம் என்று கிளம்பிவிடாதீர்கள், ஒரு லட்ச ரூபாய்க்குத் தங்கம் வாங்கினால் மோதிரப் பெட்டிக்குள் அடங்கும், காப்பர் வாங்கினால் மூட்டைக் கணக்கில் வரும், கட்டிலுக்கடியில் வைத்துக் குடித்தனம் நடத்த முடியாது.

சேகரிக்கிறேன் என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் செப்புக்காசு சேகரிக்க நம் ஊர்க்காரன் அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. பாராமகால் என்று சொல்லப்பட்ட நம் பகுதி 1792 வரை திப்பு வசம் இருந்தது, ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பிறகுதான் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. அந்தக் காலத்துச் செப்புக்காசில் ஒரு பக்கம் யானை, மறுபக்கம் பாரசீக எழுத்து. சுமாரான நிலையில் உள்ளது இன்றைக்கும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, அதாவது என் அமெரிக்க யானை விலைக்கே திப்பு யானை.

எங்கள் வீட்டிலேயே அப்படி ஒன்று இருந்தது, தாத்தா காலத்திலிருந்து அஞ்சறைப் பெட்டியின் அடித்தட்டில். ஒரு ஆயுத பூஜைக்கு அம்மா பித்தளைக் குத்துவிளக்கோடு சேர்த்து அதையும் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துவிட்டார். இருநூறு வருஷமாக ஏறிய காப்பிக்கொட்டை நிறம் இரண்டு நிமிடத்தில் போய், அப்போதுதான் உரித்த வயர் மாதிரி ரோஸ் கலரில் நின்றது காசு. "பாருடா, புதுசு மாதிரி ஆயிடுச்சு" என்றார். நாணயம் வாங்குகிற ஒருவரிடம் காட்டினேன், கையில்கூட வாங்கவில்லை, "கழுவிட்டீங்களா" என்று மட்டும் கேட்டார். பழைய நிறம் போன காசுக்குச் சேகரிப்பவர்களிடம் மதிப்பு இல்லை. ரவுண்டும் இந்த விஷயத்தில் அப்படித்தான், விரல் பட்ட இடத்தில் கொஞ்ச நாளில் ரேகை பழுப்பாக எழும்பி வந்துவிடும், புளி போட்டாலும் போச்சு, போடாவிட்டாலும் அசிங்கம்.

பழைய காசு வாங்குவதிலும் ஒரு கண்டம் இருக்கிறது. ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ ஒரு பக்கம், கிழக்கிந்தியக் கம்பெனி 1818 என்று மறுபக்கம், இப்படி ஒரு காசு வாட்ஸ்அப்பில் லட்சக்கணக்கில் விலை சொல்லிக்கொண்டு சுற்றும். கம்பெனி அப்படி ஒன்றை அடிக்கவே இல்லை, எல்லாம் பிற்காலத்தில் பக்தர்களுக்கு விற்க அடித்த டோக்கன். அதையே இடி விழுந்த செம்பு, இரிடியம் ஏறியிருக்கிறது, அரிசியை இழுக்கும் என்று சொல்லிப் பணம் பறிக்கும் கோஷ்டியும் உண்டு. கோபுரக் கலசத்தை வைத்து ஆரம்பித்த வியாபாரம் இப்போது காசு வரை வந்திருக்கிறது.

ரவுண்டு பிடித்திருந்தால் ஒன்று வாங்குங்கள், சினிமாவுக்குப் போன செலவு என்று நினைத்துக்கொள்ளுங்கள். பத்து வாங்காதீர்கள். நான் ஒன்றை பில் பறக்காமல் மேஜையில் வைத்திருக்கிறேன், மீதி ஒன்பதையும் ஒன்று 300 ரூபாய் என்று போட்டோவோடு ஆன்லைனில் போட்டேன். நாலு மாதத்தில் ஒரே ஒரு போன் வந்தது, காவேரிப்பட்டினத்திலிருந்து. எடை கேட்டார், எந்த ஊரில் கிடைத்தது என்று கேட்டார், பிறகு குரலைத் தாழ்த்தி, "அரிசி வச்சுப் பாத்தீங்களா?" என்றார். இழுக்காது என்றேன். வைத்துவிட்டார்.