பிட்ச் வியூ

திருச்சிக்கு மாற்றல் வந்ததும் நானும் அம்மாவும் ஒரே பேச்சாக இருந்தோம். வீடு ஸ்ரீரங்கத்தில்தான், அதுவும் காவிரிப் படித்துறை இருக்கிற அம்மா மண்டபம் பக்கம். அம்மாவுக்கு ஆறு, எனக்கு பால்கனி.

அந்தப் பக்கம் இப்போது செம கிராக்கி. இருபது வருஷத்துப் பிளாட்டுக்குக்கூட பட்டி பார்த்து, பால்ஸ் சீலிங் அடித்து, மாடுலர் கிச்சன் வைத்து "புதுசு மாதிரி" என்று விடுகிறார்கள். மூன்று இடத்தில் "சைவம்தானே?" என்று நேராகவே கேட்டார்கள். நான்காவது இடத்தில் கொஞ்சம் நாகரிகம், சொந்த ஊரைக் கேட்டுவிட்டு: "மன்னார்குடியில எந்தத் தெரு?" தெருப் பெயரைச் சொன்னதும் "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். இன்னும் சொல்லி அனுப்பவில்லை.

ஐந்தாவது வீடு பிடித்துவிட்டது. இரண்டாவது மாடி, இரண்டு படுக்கையறை, வாடகை 18,000. அதே தெருவில் உள்பக்கம் பார்த்த வீடு 13,000. அதிகப்படி 5,000 எதற்கு என்று கேட்டேன். புரோக்கர் பால்கனிக் கதவைத் திறந்து கையை நீட்டினார். "ரிவர் வியூ சார்."

அது மே மாதம். எதிரே மணல், கோரைப் புதர், நாலைந்து மாடு, அக்கரையில் மலைக்கோட்டை. நட்ட நடு ஆற்றில் பையன்கள் ஸ்டம்ப் நட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். பிட்ச் வியூ என்று சொல்லியிருந்தால் நியாயம்.

நான் வியூவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா வீட்டைப் பார்த்தார். குளியலறைக் கதவின் அடிப்பக்கம் ஒரு விரல்கடை அளவுக்கு அறுத்திருந்தது. அறுத்த இடத்தில் பெயின்ட்கூட அடிக்கவில்லை. "பழைய டைல் மேலயே புது டைல் ஒட்டியிருக்கான், தரை ஏறிப்போச்சு, கதவை அறுத்துட்டான்" என்றார். அப்புறம் மறுபக்கத்துப் படுக்கையறைக்குப் போய், அலமாரிக்குள் தலையை விட்டு, சுவரில் புறங்கையை வைத்தார். ஓதம். பின்பலகை அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. நகத்தால் கீறினால் பட்டி மாவாக உதிர்ந்தது. கீழ்வீட்டு மாமியிடம் விசாரித்தோம். கூட்டிக்கொண்டு போய்த் தன் வீட்டு சீலிங்கில் இருந்த மஞ்சள் வட்டத்தைக் காட்டினார். "பளபளன்னு பண்ணினா. ஒழுகறதை மட்டும் பாக்கலை."

வாட்ச்மேனிடம் வெள்ளத்தைப் பற்றியும் கேட்டுவைத்தேன். 2018-இல் முக்கொம்பில் ஒன்பது மதகு அடித்துக்கொண்டு போனதே, அப்போதுகூட பார்க்கிங்குக்குள் தண்ணீர் வரவில்லையாம். கொசு மட்டும் வருஷம் தவறாமல் வருமாம்.

ஓனர் வெளிநாட்டில். பவர் ஆஃப் அட்டர்னி அவர் மைத்துனர் பெயரில். முன்பணம் பத்து மாத வாடகை, காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாதம் பிடிப்போம் என்றார். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி முன்பணம் மூன்று மாதத்துக்கு மேல் கூடாது என்றேன். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அது செல்லும். அந்தச் சந்து அவருக்கும் தெரிந்திருந்தது. "அப்ப பத்துன்னே எழுதிக்குவோம்" என்று சிரித்தார்.

சரி, வேறு வழியில் வந்தேன். "மேட்டூர்ல ஜூன் 12 திறந்தா ஜனவரி 28-ல அடைச்சிடுவாங்க. அதுவும் அணையில தண்ணி இருந்தா. ஏழரை மாசம் ஓடுற ஆத்துக்குப் பன்னிரண்டு மாசமும் அஞ்சாயிரம் கேக்குறீங்களே சார்?" அவரும் டெல்டாக்காரர், வயல் வைத்திருக்கிறவர். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் வாடகை 16,000, முன்பணம் நாலு மாதம் என்று முடிந்தது. குளியலறைத் தரையை உடைத்துக் கசிவைச் சரிசெய்த பிறகே குடிவருவோம் என்பதை எழுத்தில் வாங்கினோம். நான் கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டார். அம்மா அலமாரிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டே நின்றார்.

ஒப்பந்தத்தை அரசின் இணையதளத்தில் பதியவேண்டும் என்றபோதுதான் அவர் முகம் சுருங்கியது. பவர் பத்திர நகல் கைக்கு வரவே மூன்று வாரம். எனக்கும் எரிச்சல்தான். ஆனால் அதற்குள் தரையை உடைத்து வேலையை முடித்துவிட்டார்கள். பழைய ஈபி பாக்கி 2,140 ரூபாய் இருந்ததையும் இந்த இடைவெளியில்தான் கண்டுபிடித்தேன். அவரே கட்டினார்.

ஜூன் கடைசியில் பால் காய்ச்சினோம். தண்ணீர் எங்களுக்கு முன்னாலேயே வந்திருந்தது. முதல் ராத்திரி அம்மா பால்கனியிலேயே பாய் போட்டுக்கொண்டார். கொசு கடித்துப் பன்னிரண்டு மணிக்கு உள்ளே வந்தார்.

ஆடிப்பெருக்கன்று ஊரிலிருந்து உறவு மொத்தமும் இறங்கிவிட்டது. சித்ரான்னம், காதோலை கருகமணி, ஈரத்துணி என்று நடக்க இடமில்லை, இருக்கிற இரண்டு குளியலறைக்கும் வரிசை. பத்து மணிக்கு போன். மைத்துனர்.

"தம்பி, தண்ணி நல்லா போகுதாமே. படித்துறையில கூட்டம் தாங்கலை. வீட்டுல எல்லாரும் ஒரு அரை மணி நேரம் உங்க பால்கனியில நின்னு பாத்துட்டுப் போகட்டுமா?"

அம்மாவைப் பார்த்தேன். "வரச் சொல்லு" என்றார். "அலமாரியையும் ஒருதரம் பாத்துட்டுப் போகட்டும்."