லோ-கட் பொத்தானும் ஒரு பாஸ் கலைஞரும்

வட லண்டனில் ஒரு பப்பின் பின்னறை. நாற்பது நாற்காலி போட்டால் நிறைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அங்கே ஜாஸ் வாசிப்பார்கள். மைக்கும், ஒலிகளைச் சேர்த்துச் சரிசெய்யும் மிக்சர் பலகையும் என் பொறுப்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் செய்த ஒரு தப்பை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மிக்சரில் ஒவ்வொரு சேனலுக்கும் 'லோ-கட்' என்று ஒரு பொத்தான் உண்டு. என்னுடையதில் அதை அழுத்தினால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஆழமான ஒலி அடங்கிவிடும். மேடைப் பலகை அதிர்வது, யாராவது மைக் ஸ்டாண்டில் காலை இடிப்பது, இதெல்லாம் ஸ்பீக்கரை எட்டாது. பேச்சுக் கூட்டங்களில் பழகிய கை. எல்லாச் சேனலிலும் வரிசையாக அழுத்திவிட்டேன். அன்று மேடையில் டபுள் பாஸ் இருந்தது, நின்றபடி வாசிக்கும் பெரிய வயலின் மாதிரியான அடிக்குரல் வாத்தியம். அதன் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். அடுத்தது 55, அதற்கடுத்தது 73. நான்கு தந்தியில் மூன்றின் அடிவயிற்றை வெட்டிவிட்டு, ஒலி துல்லியமாக இருக்கிறது என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

பாஸ் வாசித்தவருக்கு எழுபதுக்கு மேல் வயது. முதல் பாதி முழுக்க ஒன்றும் சொல்லவில்லை. இடைவேளையில் டீக் கோப்பையோடு வந்து என் பக்கத்தில் நின்று, அந்தப் பொத்தானைக் காட்டி, இது எதற்கு என்று கேட்டார். அவருக்குத் தெரியாமலா? எனக்குக் காது சூடானது. பொத்தானை எடுத்துவிட்டேன். இரண்டாம் பாதியில் அவர் முதல் சுரத்தை இழுத்தபோது என் நாற்காலியின் இரும்புக் கால் லேசாக நடுங்கியது.

ஊரில் ஒருவனை 'ஒத்து ஊதுகிறான்' என்றால் அது வசவு. நாதஸ்வரக்காரர் பக்கத்தில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவரை வைத்து வந்த பேச்சு. (ஒத்து ஊத எவ்வளவு மூச்சு வேண்டும் என்பது அப்படித் திட்டுகிறவர்களுக்குத் தெரியாது.) பாஸ் வாசிப்பதையும் ஏறக்குறைய அந்த ரகம் என்றுதான் நினைத்திருந்தேன். அன்று மேடையைக் கலைக்கும்போது அந்தப் பெரியவர், கோலரிட்ஜ் குட் என்ற பாஸ் கலைஞர் வாசித்த இசைத்தட்டுகளைக் கேட்டுப் பார், மற்றவர்களை விட்டுவிட்டு அவரை மட்டும் கேள் என்றார்.

கேட்டேன். அப்புறம் அவர் கதையையும் தேடிப் படித்தேன். 1914-இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்தவர். அப்பா தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். ஆங்கிலோ-ஆப்பிரிக்க இசையமைப்பாளர் சாமுவேல் கோலரிட்ஜ்-டெய்லரின் பெயரைத்தான் பிள்ளைக்கு வைத்தார்கள். 1934-இல் எஞ்சினியரிங் படிக்க கிளாஸ்கோவுக்குக் கப்பலேறியவர் கையில் வயலின் இருந்தது. அங்கே அமெரிக்க ஜாஸ் குழுத் தலைவர் கவுண்ட் பேசியின் தட்டுகளைக் கேட்டு ஜாஸில் விழுந்தார். வயலினை வைத்துவிட்டு டபுள் பாஸை எடுத்தார். மேற்கத்திய வயலினில் அடுத்தடுத்த தந்திகளுக்கு இடையே ச–ப இடைவெளி. டபுள் பாஸில் ச–ம. விரல்கள் பல வருடம் கற்றதை மறந்து புதிதாகக் கற்க வேண்டும்.

1942-இல் லண்டன் வந்தார். கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டும் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிரப்பெல்லியும் போருக்குப் பின் மறுபடி சேர்ந்து 1946-இல் லண்டனில் பதிவு செய்தபோது பாஸ் இவர்தான். பிரெஞ்சு தேசிய கீதத்தையே அதில் துள்ளும் ஜாஸ் நடையான ஸ்விங் ஆக்கியிருப்பார்கள். பிறகு ரே எலிங்டனின் நால்வர் குழு, இன்னும் சில குழுக்கள். பக்கவாத்தியக்காரர் வாழ்க்கை எங்கேயும் ஒன்றுதான்: கூப்பிட்டால் போக வேண்டும், சொன்ன நேரத்துக்கு நிற்க வேண்டும்.

1958-இல் ஜோ ஹாரியட்டின் குழுவில் சேர்கிறார். ஹாரியட்டும் ஜமைக்காக்காரர், ஆல்டோ சாக்ஸபோன், 1928-இல் பிறந்தவர். தலைவரைவிட பாஸ்காரர் 13 வயது மூத்தவர்.

இந்த இடத்தில் தட்டை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பப்புக்கு வருமுன் நான் ஒரு பெரிய அரங்கில் வேலை பார்த்தேன். என்னைவிட மிகவும் சின்னவன் ஒருவன் மேலாளராக வந்தான். மிக்சர் மேஜையைத் தூக்கிவிட்டு எல்லாவற்றையும் ஒரு டேப்லெட்டில் வைத்து நடத்தச் சொன்னான். கைக்கு ஒரு குமிழ்கூடத் தட்டுப்படாமல் எப்படி வேலை பார்ப்பது என்று சண்டை போட்டேன். மூன்றே மாதத்தில் விலகிவிட்டேன். அப்போது எனக்கு 46.

1960-இல் நுரையீரல் நோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்த ஹாரியட், எழுந்து வந்து குழுவிடம் புது மாதிரி வாசிக்கலாம் என்கிறார். ஜாஸில் பாஸ்காரரின் வேலை சுலபமாகச் சொல்லக்கூடியது: ஒரு சுற்றுக்கு நான்கு அடி, ஒவ்வொரு அடிக்கும் ஒரு சுரம், அந்தச் சுரமே அடுத்த கார்டுக்கு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் அடுத்த சுரக்கூட்டுக்கு, வழிகாட்டும். மற்றவர்கள் எங்கே அலைந்தாலும் அவரைப் பார்த்து வீடு திரும்பலாம். புதிய இசையில் முன்கூட்டித் தீர்மானித்த கார்டு கிடையாது. நிலையான தாளம், வழக்கமான இசைப் போக்கு, சுற்றுக் கணக்கு, இவற்றில் ஒன்றையாவது ஒவ்வொரு உருப்படியிலும் வைத்துக்கொள்வது, மற்றதைத் தேவைப்பட்டால் விட்டுவிடுவது என்பதுதான் ஹாரியட்டின் திட்டம். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? பாஸ்காரரின் வேலை மொத்தமும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

அந்த வருடம் நவம்பரில் இந்தப் புது மாதிரியில் 'ஃப்ரீ ஃபார்ம்' என்ற தட்டு பதிவானது. அதே மாதக் கடைசியில் குட்டுக்கு 46 முடிந்தது.

பெரியவர் சொன்னபடி பாஸை மட்டும் பிடித்துக்கொண்டு கேட்டேன். முதல் நான்கைந்து தடவை ஒன்றும் பிடிபடவில்லை. பிறகுதான் காது திறந்தது. டிரம்ஸ் நின்றால் இவர் ஓடிப்போய் அந்த இடத்தை நிரப்புவதில்லை. சாக்ஸபோன் கேள்வி மாதிரி ஒன்றை விட்டுச் சென்றால் சில சமயம் பதில் தருகிறார், சில சமயம் விட்டுவிடுகிறார். திடீரென்று நான்கு அடி வைத்து நடப்பார், உடனே நிறுத்துவார். பழைய வித்தை எதையும் தூக்கிப் போடவில்லை, எப்போது எடுப்பது என்பதை மட்டும் மாற்றிக்கொண்டார். ஒத்து ஊதியது என்று யாரும் சொல்ல முடியாது. அடுத்து வந்த 'அப்ஸ்ட்ராக்ட்' தட்டுக்கு அமெரிக்காவின் 'டவுன் பீட்' பத்திரிகை ஐந்து நட்சத்திரம் கொடுத்தது. ஆனால் என் ஓட்டு முதல் தட்டுக்கே. அதில் கொஞ்சம் தடுமாற்றம் கேட்கிறது. எனக்கு அது பிடிக்கிறது.

பின்பு ஹாரியட், இசையமைப்பாளர் ஜான் மேயரோடு சேர்ந்து இந்திய ராகங்களையும் ஜாஸையும் கலந்து 'இண்டோ-ஜாஸ் ஃபியூஷன்ஸ்' செய்தார். மேயர் கல்கத்தாக்காரர், அவர் அம்மா தமிழர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. சிதாரும் தப்லாவும் நடுவே இருக்க, அங்கும் பாஸ் குட்தான். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது, மறுபடி புதுக் கணக்கு. ஹாரியட் 1973-இல், 44 வயதில், கையில் காசில்லாமல் இறந்துபோனார். பியானோ கலைஞர் மைக்கேல் கேரிக்கோடு குட் தொடர்ந்தார். முதுமையிலும் வட லண்டனின் கிரவுச் எண்டில் 'கிங்ஸ் ஹெட்' பப்பில் ஞாயிற்றுக்கிழமை கச்சேரிகளில் நின்று வாசித்தார். 2015-இல் இறந்தபோது வயது 100.

தட்டுகளைக் கேட்டேன் என்று எங்கள் பெரியவரிடம் சொன்னேன். எந்த உருப்படி என்று மட்டும் கேட்டார், சொன்னேன், தலையாட்டினார். வாத்தியத்தை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தார். ஆளுயரத்துக்கு மேல் இருக்கும் அது. நான் கதவைப் பிடித்துக்கொள்ள, அவர் அதைக் குழந்தையைத் தோளில் சாய்ப்பது போல் சாய்த்து வெளியே கொண்டுபோனார். வெளியே நின்றது ஒரு சின்னக் கார். பின்கதவு வழியாக நுழைத்து, கழுத்துப் பகுதியை முன்னிருக்கைகளுக்கு நடுவே நீட்டினால்தான் கொள்ளும். ஸ்டேஷன் வரை உன்னை இறக்கிவிட ஆசைதான், இடமில்லையே என்று சிரித்தார். நான் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.