மார்ச் மேட்னஸ் பிராக்கெட் போட்டி நடத்தி நன்கொடை திரட்டப் போகிறீர்களா?

மார்ச் மேட்னஸ் என்ற அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துத் தொடருக்கு பிராக்கெட் போட்டியை (எல்லா ஆட்டங்களின் வெற்றியாளரையும் முன்கூட்டியே கணித்து நிரப்புவது) நற்பணிக்காக நடத்துபவர்கள், செலக்‌ஷன் சண்டேக்கு ஒரு வாரம் முன்பே இரண்டு விஷயங்களை எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிட வேண்டும்: காசு எந்த வழியாகப் போகும், புள்ளி எப்படிப் போடுவோம். அந்த ஞாயிறு மாலை 68 அணிகளின் பட்டியல் வரும், வியாழன் நண்பகலில் பிராக்கெட் பூட்டிவிடும், அதற்குப் பிறகு நிரப்பவோ மாற்றவோ முடியாது. நடுவில் விதிமுறை பேச உட்கார்ந்தால் பாதிப் பேர் நிரப்பவே மாட்டார்கள்.

ஆளுக்கு 20 டாலர் வாங்கி, பாதி ஜெயித்தவருக்கு, பாதி அறக்கட்டளைக்கு என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அது வேண்டாம். கட்டணம், அதிர்ஷ்டம், பரிசு மூன்றும் ஒன்றுசேர்ந்தால் பல மாநிலங்களில் அது சூதாட்டக் கணக்கில் வந்துவிடும். நல்ல காரியம் என்பது மட்டும் காப்பாற்றாது. கட்டணமாகக் கொடுத்த காசுக்கு வருமான வரியில் நன்கொடைக் கழிவும் கேட்க முடியாது. கல்லூரி விளையாட்டுத் துறையில் வேலை பார்ப்பவரோ, என்சிஏஏ (கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு) வீரரோ உங்கள் வட்டத்தில் இருந்தால், காசு கட்டிப் பரிசுக்கு ஆடும் போட்டியில் அவர் சேரவே கூடாது.

சேர்வது இலவசம், நன்கொடை அவரவர் விருப்பம், கொடுக்காதவரும் ஜெயிக்கலாம் என்று வையுங்கள். கொடுப்பவர் அந்த அமைப்பின் பக்கத்துக்கே போய்த் தன் கார்டில் கட்டட்டும். பணம் அனுப்பும் செயலியான வென்மோவில் உங்கள் கணக்குக்கு வாங்கி மொத்தமாக அனுப்பினால் ரசீது உங்கள் பெயரில் வரும். மற்றவர்கள் தங்கள் கம்பெனியில் மேட்சிங் (ஊழியர் கொடுத்ததற்கு ஈடாகக் கம்பெனியும் கொடுப்பது) கேட்க முடியாது. டாலருக்கு டாலர் போடும் கம்பெனிகளில் வேலை செய்பவர்கள் நிறைய இருக்கும் குழுவில் இது பெரிய நஷ்டம். அமைப்பு 501(சி)(3) தகுதி, அதாவது வரிக் கழிவுக்கு உரிய அறப்பணி அமைப்பு என்ற தகுதி, உள்ளதுதானா என்று ஐஆர்எஸ் (அமெரிக்க வருமான வரித் துறை) தளத்தில் ஒரு தடவை தேடிப் பார்த்துவிடுங்கள். பரிசுக்கு ஒரு சின்னக் கோப்பையும், அடுத்த வருடம் எந்த அமைப்புக்குத் திரட்டுவது என்று முடிவு செய்யும் உரிமையும் போதும். விளையாட்டாகக் கொடுக்க விரும்புபவர்கள் சரியான கணிப்பு ஒன்றுக்கு 25 சென்ட் என்று வாக்குக் கொடுக்கலாம். 63 ஆட்டமும் சரியானாலும் 15.75 டாலர்தான், அப்படி ஆகப்போவதும் இல்லை, 63 ஆட்டங்களை நிரப்ப ஏறத்தாழ 92,000 கோடி கோடி வழிகள் இருக்கின்றன.

இனி புள்ளி. பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் எடுத்துக்கொள்வது சுற்றுக்கு 1, 2, 4, 8, 16, 32. எந்தச் சுற்றிலும் ஆட்ட எண்ணிக்கையைப் புள்ளியால் பெருக்கினால் 32 வரும், மொத்தம் 192. அதாவது சாம்பியனைச் சரியாகச் சொன்ன ஒரே கணிப்பும், முதல் சுற்றின் 32 ஆட்டங்களும் சமம். 2018-இல் முதலிடத்தில் இருந்த வர்ஜீனியா, 16-ஆம் சீடான (சீடு என்பது தரவரிசை எண், 1 வலுவானது) யுஎம்பிசி அணியிடம் 74–54 என்று முதல் சுற்றிலேயே தோற்றது. அதைச் சாம்பியனாகப் போட்டவர்களுக்கு இந்த முறையில் 192-இல் 63 புள்ளி ஒரே ராத்திரியில் காலி. அதற்குப் பிறகு அவர்கள் பட்டியலைத் திறந்து பார்ப்பார்களா? நன்கொடைப் போட்டிக்கு மூன்று வாரமும் ஆள் தங்க வேண்டும். அதனால் 2, 3, 5, 8, 13, 21 என்ற ஃபிபொனாச்சி வரிசையே நல்லது. மொத்தம் 231, அதே விபத்தில் போவது 52. மூன்றில் ஒரு பங்கு போன இடத்தில் நான்கில் ஒரு பங்குகூடப் போகாது.

அப்செட்டுக்கு, அதாவது பலவீனமான சீடு வலுவான சீடை வெல்வதற்கு, கூடுதல் புள்ளி கேட்டு ஒருவராவது வருவார். சீடு வித்தியாசத்தை அப்படியே கூட்டும் முறையில் ஒரு பள்ளம் இருக்கிறது. 12-ஆம் சீடு 5-ஆம் சீடை மூன்றில் ஒரு தடவை வெல்கிறது என்றே வையுங்கள். வித்தியாசம் 7, அடிப்படை 2. 12-ஐப் போட்டால் சராசரி 3 புள்ளி, 5-ஐப் போட்டால் 1.33. கணக்குத் தெரிந்தவர் நான்கு பிரிவுகளில் உள்ள 12-ஆம் சீடுகளையும் கண்ணை மூடிக்கொண்டு போடுவார். 12-உம் அதற்குக் கீழும் உள்ள அணி முதல் சுற்றில் ஜெயித்தால் வெறும் 2 கூடுதல் என்று வையுங்கள். இரண்டு பக்கமும் 1.33 ஆகிவிடும், துணிச்சலுக்கும் இடமிருக்கும். இஎஸ்பிஎன், சிபிஎஸ், யாஹூ தளங்களில் குழு தொடங்குவதாக இருந்தால், இந்த மாற்றத்துக்கு அங்கே இடமிருக்கிறதா என்று ஆட்களை அழைப்பதற்கு முன்பே பாருங்கள்.

கூகுள் ஷீட்டில் நடத்துபவர்கள் அணிப் பெயரைத் தட்டச்சு செய்ய விடவே கூடாது. ஒரே அணியை ஒருவர் யூகான் என்பார், இன்னொருவர் கனெக்டிகட் என்பார். மயாமி என்றால் ஃப்ளோரிடாவா ஓஹையோவா என்று கேள்வி வரும். ஃபார்முலாவுக்கு எல்லாம் வேறு வேறு அணி. டிராப்டவுன் வையுங்கள். இன்னொன்று: ஆடி முடிக்காத ஆட்டத்தின் விடைக் கட்டம் காலியாக இருக்கும், ஒருவர் நிரப்ப மறந்த கட்டமும் காலியாக இருக்கும். இரண்டும் சமம் என்று ஷீட் புள்ளி போட்டுவிடும். விடைக் கட்டம் காலியாக இல்லை என்ற நிபந்தனையையும் ஃபார்முலாவில் சேர்க்க வேண்டும்.

டேட்டனில் செவ்வாய், புதனில் நடக்கும் ஃபர்ஸ்ட் ஃபோர் ஆட்டங்களைக் (68 அணிகளை 64 ஆக்கும் நான்கு ஆட்டங்கள்) கணக்கில் சேர்க்காதீர்கள். அந்த இடத்தில் இரண்டு பெயரையும் சாய்கோடு போட்டு ஒரே தேர்வாக வைத்தால் முடிந்தது. பூட்டும் நேரத்தைக் கிழக்கு நேரத்தில் மட்டும் சொல்வதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. நண்பகல் 12 என்பது கலிஃபோர்னியாவில் காலை 9. மதிய இடைவேளையில் நிரப்பலாம் என்றிருந்தவர் கோட்டை விடுவார். சென்னை அலுவலகத்திலிருந்து சேர்பவர்களுக்கு அது இரவு 9:30.

சமன் வந்தால் இறுதி ஆட்டத்தில் இரண்டு அணிகளும் எடுக்கும் மொத்தப் புள்ளியை மிகக் கிட்டக் கணித்தவருக்கு முன்னுரிமை. ஓவர்டைம் சேருமா, தாண்டிப் போனாலும் கிட்ட இருப்பவர்தான் வெற்றியாளரா என்பதை எழுதி வையுங்கள். கை தன்னால் 150 என்று எழுதும். ஆனால் 2022 முதல் 2025 வரை ஆண்கள் இறுதியில் வந்த மொத்தப் புள்ளிகள் 141, 135, 135, 128. ஆட்டமே நடக்காவிட்டால் முன்னேறுகிற அணிதான் வென்றதாகக் கொள்ளப்படும் என்று ஒரு வரியும் வேண்டும். 2021-இல் கோவிட் காரணமாக விசியு அணி ஆட முடியாமல் ஆரிகன் அணி அடுத்த சுற்றுக்குப் போனது.

பெண்கள் போட்டிக்குத் தனி பிராக்கெட் வைத்தால் பூட்டுவது வெள்ளிக்கிழமை. முதல் 16 அணிகள் முதல் இரண்டு சுற்றையும் சொந்த மைதானத்தில் ஆடுவதால் அப்செட் குறைவு, பலர் ஒரே புள்ளியில் நிற்பார்கள். சமன் விதியை அங்கே இன்னும் கறாராக எழுதுங்கள்.

முதல் வாரக்கடைசி முடிந்ததும் மிஞ்சும் 16 அணிகளுக்கு (ஸ்வீட் 16) மட்டும் இரண்டாவது பிராக்கெட் திறங்கள். 15 ஆட்டம், வியாழன் மாலை பூட்டு, 1, 2, 4, 8 புள்ளி போதும். முதல் பட்டியலில் கடைசியில் கிடப்பவர்களும் திரும்ப வருவார்கள். நன்கொடைப் பக்கத்தின் இணைப்பை அந்த மின்னஞ்சலின் முதல் வரியில் போடுங்கள். முதல் வாரம் கொடுக்க மறந்தவர்கள் கட்டுவது பெரும்பாலும் அப்போதுதான்.